பக்கத்து லயத்துக்காரங்க விட்டுட்டுப் போன பூனை, வாசல் வரைக்கும் வருது, கிட்ட போனா ஓடுது. என்ன செய்யலாம்?

ராகலை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிச்சி ஒரு வழி சொல்லுங்க.

நாங்க நுவரெலியா மாவட்டத்துல ராகலை பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருக்கோம், கீழ் லயத்துல, அதாவது வரிசை வீடுகள்ல, கடைசி காம்பரா. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்போ எங்களுக்கு மேல உள்ள லயத்துக்கு பின்னுக்கு மண்ணு சரிஞ்சி எறங்கிருச்சி. சாமி புண்ணியத்துல ஆளுங்களுக்கு ஒன்னும் ஆகல, ஆனா இனி அங்க இருக்கக்கூடாதுன்னு சொல்லி எல்லா குடும்பத்தையும் ஸ்கூலுக்கு எறக்கிட்டாங்க, பெறகு ஒவ்வொருத்தரா சொந்தக்காரங்க வீடு, வாடகை வீடுன்னு போயிட்டாங்க. அதுல ஒரு அக்கா வளத்த பூனைதான் இது. ராத்திரியோட ராத்திரியா பிள்ளைகள தூக்கிக்கிட்டு மழைல எறங்குனவங்க பூனைய எங்கன்னு தேடுவாங்க, அவங்கள ஒரு குத்தமும் சொல்ல மனசு வரல.

பேரு குங்குமம். வெள்ளை, கறுப்பு, செம்மண் நிறம் மூனும் கலந்து இருக்கும். பொழுது சாயுற நேரம், கொழுந்து எடை போட்டுட்டு ஆளுங்க லயத்துக்கு திரும்புற நேரம் பாத்து, அந்த பூட்டுன கதவுக்கு முன்னால போயி உக்காந்து கத்துது. அந்த சத்தத்த கேட்டுக்கிட்டு என்னால சோறு திங்க முடியல. இருட்டுன பெறகு எங்க ஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) வரும். சோறு வச்சா நாங்க உள்ள போன பெறகு தின்னுட்டு ஓடிரும். தொடலாம்னு நானும் தம்பியும் ரெண்டு தடவ போனோம், ஒரு தடவ சீறிருச்சி, மத்த தடவ தம்பி கையில கீறிருச்சி. லேசான கீறல்தான்.

இப்ப பிரச்சின என்னன்னா அம்மா சொல்றாங்க இது வேணாம், அண்ணி மாசமா இருக்கா, பூனை இருக்குற வீட்டுல கர்ப்பிணி இருக்கக்கூடாது, சாக்குல போட்டு கட்டி டவுன் மார்க்கெட்ல விட்டுருவோம், அங்க மீன் தலையாச்சும் கெடைக்கும்னு. கொல்லச் சொல்லலியே, கொண்டுபோய் விடத்தானே சொல்றேன்னு சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல. இது எங்களோட பழகுமா இல்ல அந்த அக்காவ நெனச்சிக்கிட்டே இருக்குமா? என்ன சாப்பாடு குடுக்குறது? நான் பால்மா கரைச்சி வக்கிறேன், நெத்தலி கருவாட்ட சோத்துல பெசஞ்சி வக்கிறேன். சரியா தப்பான்னு தெரியல.

---

கொழுந்துக்கூடை:

மகள், நான் மஸ்கெலியா பக்கம். 31 வருஷம் மலையில கொழுந்து எடுத்துட்டு இப்ப வீட்டோட இருக்கேன், பூனை இல்லாத வருஷம்னு ஒன்னு என் வாழ்க்கைல இல்ல, அதனால அனுபவத்துல சொல்றேன்.

மொத விசயம், நீ தொடப் போகாத. கைய நீட்டிக்கிட்டு நேரா மூஞ்சியப் பாத்துக்கிட்டு வர்ற ஆளு, பூனை கணக்குல புடிக்க வர்ற ஆளு. வீட்ட இழந்து, ஆள இழந்து, அந்த மண்ணு சரிஞ்ச சத்தத்த கேட்டு கெடந்த சீவன் அது, உன்ன நம்பறதுக்கு அதுக்கு எந்த காரணமும் இன்னும் கெடைக்கல, அந்த காரணத்த ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நீதான் குடுக்கணும்.

ஒரே நேரத்துல, ஒரே எடத்துல, ஒரே தட்டுல சாப்பாடு வையி. வச்சிட்டு உள்ள போகாத. ஒரு பத்தடி தள்ளி உக்காந்து உன் வேலையப் பாரு, வெங்காயம் உரி, போன் பாரு, என்னமோ செய், ஆனா பூனையப் பாக்காத. மெல்ல பேசிக்கிட்டு இரு, அந்த அக்கா கூப்பிட்ட அதே பேரச் சொல்லி. நாலஞ்சி நாளைக்கு ஒருக்கா ஒரு அடி கிட்ட நகந்து உக்காரு. அதுவே வந்து உன் கால்ல உரசும், அன்னைக்கும் தூக்கிறாத. ஒரு விரல மட்டும் மூக்குக்கு நேரா நீட்டு, மோந்து பாத்து கன்னத்த தேச்சா அப்பதான் கன்னத்துலயும் காதுக்கு பின்னாலயும் சொறிஞ்சி விடு. வயித்த தொடாத, மல்லாந்து படுத்து காட்டுனாலும் தொடாத.

இன்னொன்னு. பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சின்னு நெனைக்குமாம்னு நம்ம ஆளுங்க சொல்வாங்கல்ல, அதுக்காக அது கண்ண மூடுறதில்ல மகள். உனக்கு முன்னால மெதுவா கண்ண மூடித் தொறந்தா, உன்னால எனக்கு பயம் இல்லன்னு அர்த்தம். நீயும் அதே மாதிரி மெதுவா மூடித் தொற. நான் எத்தனையோ குட்டிய இப்படித்தான் பழக்குனேன்.

நம்ம குளிருக்கு ராவுல அடுப்புச் சாம்பல்ல போயி சுருண்டுக்கும், விடிய பெரட்டுக்கு, வேலைக்கு பேரு குடுக்க, போற அவசரத்துல பாக்காம தீய மூட்டிட்டா அவ்வளவுதான், எங்க வீட்டுல ஒரு குட்டிக்கு அப்படி வாலு கருகிருச்சி. விறகு வக்கிறதுக்கு முன்ன ஒரு தடவ கையவிட்டுப் பாத்துரு. ஸ்தோப்புல ஒரு பெட்டிய சாச்சி வச்சி உள்ள பழைய கம்பளி ஏதாச்சும் போட்டுரு, வாய் சின்னதா இருக்கட்டும், அதுக்கு ஒளிய எடம் இருந்தாத்தான் வெளிய வர தைரியம் வரும்.

---

ஹட்டன்_ரோட்டுக்காரன்:

தங்கச்சி, கோவிக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கே அந்த மழைக்கு பெறகு வீடு இல்ல, ஒரு நாள் வேலைக்கு பேரு போடலன்னா அடுப்பு எரியாது. இந்த நெலமையில பூனைக்கு கவலைப்பட்டு எழுதுறத பாக்க எனக்கு கஷ்டமா இருக்கு. அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.

---

கொழுந்துக்கூடை:

தம்பி, உங்க கஷ்டம் எனக்கு தெரியாததா. ஆனா ஒன்ன யோசிங்க, அந்த அக்காவுக்கு வீடு போச்சி, சாமான் போச்சி, மிச்சம் இருக்குறது அந்த பூனை ஒன்னுதான். அதுக்கு ஒரு புடி சோறு வக்கிறது அந்த அக்காவுக்கு செய்ற உதவிதான். பூனைக்கு இரக்கப்பட்டதனால மனுசனுக்கு இரக்கம் கொறஞ்சி போன ஆள நான் இதுவரைக்கும் பாக்கல.

---

பதுளைக்காரன்:

நான் மிருக வைத்திய ஒபிஸ் ஒன்னுல வேலை செய்றேன், டொக்டர் இல்ல, ஆனா டொக்டரோட 8 வருஷமா பீல்டுக்கு போறேன். அக்கா சொன்ன அந்த கண்ணு மூடித் தொறக்குற விசயத்த 2020ல இங்கிலாந்துல சசெக்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க ஆராய்ச்சி செஞ்சே எழுதியிருக்காங்க, ஆளு மெதுவா கண்ண மூடித் தொறந்தா பூனையும் திருப்பி அப்படியே செய்யுது, முன்பின் தெரியாத ஆளுகிட்ட வர்றதுக்கும் கூடுதலா விரும்புதுன்னு. அக்காவுக்கு அது மஸ்கெலியாவுலயே தெரிஞ்சிருக்கு.

இப்ப அவசரமான விசயம், தம்பியோட கீறல். லேசோ ஆழமோ, வெளில திரியிற பூனை கடிச்சாலும் கீறுனாலும் ஓடுற தண்ணில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவணும், அன்னைக்கே ஆஸ்பத்திரில காட்டணும். நாள் கடந்துருந்தாலும் பரவால்ல, நாளைக்கே கூட்டிட்டு போங்க. விசர்நாய்க்கடி ஊசி அரசாங்க ஆஸ்பத்திரில சும்மாதான் போடுறாங்க. அந்த நோய் நாயில மட்டுமில்ல பூனைலயும் வரும், வந்துட்டா மருந்து இல்ல. அதே மாதிரி பூனைக்கும் வருசா வருசம் ஊசி போடணும்.

அண்ணி விசயம். டொக்சோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கு, அதுக்குத்தான் பயப்படுறாங்க. அந்த பயத்துல உண்மை இருக்கு, ஆனா பூனை வீட்டுல இருக்குறதாலயோ, முடி பறக்குறதாலயோ அது வராது. பூனையோட பீயில அந்த கிருமியோட முட்டை வெளிய வரும், வந்த உடனே தொத்தாது, 1 நாள்ல இருந்து 5 நாள் வரைக்கும் ஆகும் அது தொத்துற நிலைக்கு வர. அதனால தினமும் அள்ளி பொதச்சிட்டா பெரும்பாலும் பிரச்சின முடிஞ்சி போச்சி, அத அண்ணி செய்யக்கூடாது, நீங்க செய்ங்க. இதவிட கூடுதலா இது வர்றது சரியா வேகாத எறச்சிலயும் கழுவாத மரக்கறிலயும் மண்ணுலயும்தான். நம்ம பக்கம் வீட்டுக்கு பின்னால லீக்ஸ், கேரட் போடுவோம்ல, அந்த பாத்தில அண்ணி வெறுங்கையால வேலை செய்யாம இருக்கணும், மரக்கறிய நல்லா கழுவணும். நீங்க பூனைய தொரத்துனாலும் அந்த பாத்தில ஊர்ப் பூனையெல்லாம் வந்து போகத்தான் போகுது. க்ளினிக் போற அன்னைக்கு டொக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, அம்மாவும் கூட இருந்தா நல்லது.

சாப்பாடு. பால்மா வேணாம். பூனை பால் குடிக்கும்னு நம்ம சின்னதுல இருந்து கேட்டே வளந்தோம், ஆனா வளந்த பூனைகள்ல நெறையதுக்கு அது செமிக்காது, வயித்தால போகும். தண்ணி வையிங்க, சாப்பாட்டு தட்டுக்கு கொஞ்சம் தள்ளி. நெத்தலி நல்லதுதான், ஆனா கருவாட்டுல உப்பு ஜாஸ்தி, சுடுதண்ணில ஊற வச்சி ரெண்டு தடவ கழுவி அவிச்சி குடுங்க. வெறும் சோத்துல பூனை உயிர் வாழாது. டோரின்னு ஒரு சத்து அதோட உடம்புல போதிய அளவு உண்டாகாது, எறச்சி மீன்ல இருந்துதான் கெடைக்கணும், அது இல்லன்னா கண்ணும் போகும், இருதயமும் பழுதாகும். கோழிக்கடைல ஈரல், இருதயம் கொஞ்சமா வாங்கி அவிச்சி சோத்தோட பெசஞ்சா செலவும் கம்மி. ஈரல மட்டும் தினமும் குடுக்காதீங்க. குழம்பு ஊத்துன சோறு வேணவே வேணாம், வெங்காயம் பூண்டு பூனை ரத்தத்துக்கு விசம். அவிச்ச எலும்பும் வேணாம், செதில் செதிலா ஒடஞ்சி தொண்டைல ஏறும்.

சொல்லாம விட முடியாத ஒன்னு, பெனடோல், அதாவது பரசிட்டமோல் குளிசை. காய்ச்சல்னு பாவப்பட்டு பாதி குளிசைய தேய்ச்சி ஊத்துனவங்கள பாத்திருக்கேன், காப்பாத்தவே முடியல. ஒரு குளிசை போதும் ஒரு பூனைய கொல்றதுக்கு. அதே மாதிரி நாய்க்கு உண்ணிக்கு போடுற சில மருந்துகள்ல பெர்மெத்ரின் இருக்கும், அத பூனைக்கு தடவினா வலிப்பு வந்து செத்துரும். நுவரெலியா பக்கம் பூ வளக்குற வீடுகள்ல லில்லி இருந்தா கவனம், அதோட பூந்தூள் மேல பட்டு நக்கிட்டா கூட கிட்னி போயிரும்.

கடைசியா, மூனு நிறம்னு சொன்னீங்கல்ல, அப்ப அது பொட்டை. அந்த நிறம் வர்ற மரபணு அப்படி, கடுவன்ல ஆயிரத்துல ஒன்னு கூட வராது. அப்போ கருத்தடை செய்யணும். ரெண்டு மாசம்தான் செனை, குட்டிக்கு பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே அடுத்தது தங்கிரும். குட்டிகள சாக்குல கட்டுற வேலைய நிப்பாட்டணும்னா ஆரம்பத்துல நிப்பாட்டணும்.

---

நோர்வூட்_அண்ணன்:

இந்த சாக்கு பேச்ச வாசிச்ச பெறகு எழுதாம இருக்க முடியல.

எனக்கு அப்ப 11 வயசு. வீட்டுல ஒரு சாம்பல் நிற கடுவன், என்னோடதான் படுக்கும், ஸ்கூல் விட்டு வர்றப்போ ரோட்டு முடக்கு வரைக்கும் வந்து நிக்கும். ஒரு நாள் கோழிக்குஞ்ச புடிச்சிருச்சி. மாமா உரப்பைய கொண்டாந்து, நீ கூப்பிட்டாத்தான் வரும், கூப்பிடுன்னார். கூப்பிட்டேன். வந்துச்சி. பஸ்ல கொண்டுபோய் டவுன்ல மீன் கடைக்கு பின்னால அவுத்து விட்டோம், பைக்குள்ள பயத்துல ஒன்னுக்கு போயி நனஞ்சி போயிருந்துச்சி, ஓடக்கூட இல்ல, என் காலடிலயே நின்னுச்சி. மூனு வாரம் கழிச்சி அம்மாவோட டவுனுக்கு போனப்போ அதே எடத்துல பாத்தேன். பின்னங்கால் ஒன்னு இழுத்துக்கிட்டு, எலும்பும் தோலுமா. அங்க ஏற்கனவே இருக்குற கடுவனுங்க விடாதுல்ல, அது அந்த வயசுல எனக்கு தெரியல. பேரச் சொல்லி கூப்பிட்டேன், தலையத் தூக்கிப் பாத்துச்சி. அம்மா கையப் புடிச்சி இழுத்துட்டாங்க, பஸ் வந்துருச்சின்னு. எனக்கு இப்ப 44 வயசு.

பூனைய கொன்னா பாவம்னு நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் பயம் இருக்கு, அதனால யாரும் கொல்றதில்ல, கொண்டுபோய் விட்டுடுறாங்க. விட்ட எடத்துல அது ஒரு மாசம் பட்டினில, கடிபட்டு சாகுறத நம்ம கண்ணு பாக்காததால பாவம் இல்லன்னு ஆயிருமா? அம்மாகிட்ட இத வாசிச்சி காட்டுங்க தங்கச்சி. மார்க்கெட்ல மீன் தலை எல்லாம் கெடைக்காது.

சட்டத்தையும் கேட்டுப் பாத்தேன் ஒரு காலத்துல. மிருகவதைக்கு 1907ம் வருசத்து சட்டம், அதுல தண்டம் 100 ரூபா. அதனால சட்டம் வந்து காப்பாத்தும்னு காத்திருக்க முடியாது, நம்ம வீட்டு வாசல்ல நம்மதான் காப்பாத்தணும்.

---

ராகலை_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி ஊசி ஆரம்பிச்சாச்சி. நோர்வூட் அண்ணா, நீங்க எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சி காட்டுனேன். ஒன்னும் பேசல. ஆனா சாக்கு பேச்சு அதுக்கு பெறகு வரல.

மூனு வாரம் ஆச்சி, நடந்தத சொல்றேன். அக்கா சொன்ன மாதிரி உக்காந்துக்கிட்டே இருந்தேன், ஒரு வாரம் ஒன்னும் மாறல, எனக்கு விட்டுப் போச்சி. ரெண்டாவது வாரம் நல்ல மழை, ஒரு நாள் நான் கதவு நெலையில சாஞ்சி போன் பாத்துக்கிட்டு இருக்கேன், தட்ட முடிச்சிட்டு ஓடாம அங்கயே உக்காந்து கால நக்க ஆரம்பிச்சிச்சி. மனுசங்களுக்கு முதுக காட்டிக்கிட்டு! நான் மூச்சு விடக்கூட பயந்து உக்காந்திருந்தேன். இப்ப மூக்குல விரல மோக்குது, கன்னத்த ஒரசுது, நேத்து ஒரு தடவ காதுக்கு பின்னால சொறிஞ்சேன், கொர்ர்ருன்னு சத்தம் வந்துச்சி. பெட்டில அம்மாவோட பழைய ஸ்வெட்டர் ஒன்னு கெடக்கு, நான் போடல. அம்மாகிட்ட கேக்கவும் இல்ல.

ஆனா இன்னமும் பொழுது சாயுற நேரம் அந்த பூட்டுன வீட்டுக்கு போகுது. அத பாத்துட்டு அந்த அக்கா நம்பர தேடி எடுத்து கோல் பண்ணுனேன். பூனை உசுரோட இருக்குன்னு சொன்ன உடனே அவங்களுக்கு பேச்சு வரல. செத்துப் போச்சின்னே நெனச்சிருக்காங்க, பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டு குங்குமம் குங்குமம்னு கூப்பிட்டாங்க. பூனை ஓடி வரல. காது ரெண்டையும் திருப்பிச்சி, தலையத் தூக்கி போன பாத்துச்சி, அப்படியே இருந்துச்சி. அக்கா என்ன மறந்துருச்சி போலன்னு அழுதுட்டாங்க. எனக்கும் அழுகையா வந்துச்சி. அவங்க இப்ப இருக்குறது வலப்பனைல சொந்தக்காரங்க வீட்டு ரூம் ஒன்னுல, பூனை வச்சிக்க விடமாட்டாங்களாம், வீடு கெடைச்சா வந்து எடுத்துக்கிறேன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். அப்படி எடுத்துட்டு போனா அது திரும்ப இங்க ஓடி வந்துருமா? ஒபரேஷனுக்கு எப்படி கொண்டு போறது, பஸ்லயா?

---

பதுளைக்காரன்:

அந்த அக்காகிட்ட ஒடனே ஒன்னு சொல்லுங்க தங்கச்சி. மறக்கல. 2013ல டோக்கியோ யுனிவர்சிட்டில இதத்தான் சோதிச்சி பாத்தாங்க, தெரியாத ஆளுங்க குரலயும் வளத்த ஆளு குரலயும் போட்டுக் காட்டி. வளத்த ஆளு குரலுக்கு பூனைகள் எழும்பி வரல, காதத் திருப்பிச்சி, தலைய அசச்சிச்சி, அவ்வளவுதான். அதுதான் அதுங்க தெரியும்னு சொல்ற விதம். நீங்க பாத்தது அச்சொட்டா அதுவேதான்.

திரும்ப ஓடி வருமான்னு கேட்டீங்க. பூனைக்கு ஆளும் வேணும், எடமும் வேணும், திடீர்னு எடம் மாத்துனா பழைய எடத்துக்கு கெளம்பப் பாக்கும், ரோட்டுல அடிபடுறது அப்படித்தான். அக்காவுக்கு வீடு கெடைச்ச பெறகு எடுத்துட்டு போனா மொத மூனு வாரம் வெளிய விடவே கூடாது, ஒரு ரூம்ல வச்சி அங்கயே சாப்பாடு, அங்கயே மண்ணு போட்ட தட்டு. புது எடத்துல ரெண்டு நாளைக்கு மேல சாப்பிடாம இருந்தா டொக்டர்கிட்ட காட்டணும், பட்டினி கெடந்தா பூனைக்கு ஈரல் கெட்டுப்போகும்.

ஒபரேஷனுக்கு மொதல்ல உங்க பக்கத்து அரசாங்க மிருக வைத்திய ஒபிஸ்ல கேளுங்க, சில நேரம் கேம்ப் போடுவாங்க, அங்க செய்றதில்லன்னாலும் எங்க செய்றாங்கன்னு சொல்வாங்க. போறதுக்கு முன்ன எத்தன மணி நேரம் சாப்பாடு குடுக்கக்கூடாதுன்னு போன்லயே கேட்டுக்கோங்க. வயிறு பெருசா இருந்தா அதையும் மொதல்லயே சொல்லிருங்க.

பஸ்ல கொண்டு போகலாம். ஓட்டை ஓட்டையா உள்ள ப்ளாஸ்டிக் கூடை ரெண்டு, ஒன்ன ஒன்னு மேல கவுத்து கயித்தால கட்டுனா போதும், காத்து வரும். ஆனா அன்னைக்கு காலைல புடிச்சி போட்டீங்கன்னா இத்தன நாள் பழக்குனது எல்லாம் வீணாப் போயிரும், அதனால இன்னைல இருந்தே கீழ் கூடைய ஸ்தோப்புல வச்சி அதுக்குள்ளயே சாப்பாட்டு தட்ட வையிங்க. அதுவா ஏறி எறங்கி பழகட்டும், ஒரு வாரம் பத்து நாள் போகட்டும். போற அன்னைக்கு மேல துணி போட்டு மூடிருங்க, இருட்டுல அமைதியா இருக்கும். அந்த ஸ்வெட்டரயும் உள்ள போடுங்க. முடிஞ்சா அந்த அக்காகிட்ட அவங்க உடுத்த துணி ஏதாச்சும் ஒன்னு தோய்க்காம அனுப்பச் சொல்லுங்க, வலப்பனை பஸ்ல யார்கிட்டயாச்சும் குடுத்து விட்டா போதும்.